மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

காரிமங்கலத்தில் யாருக்கும் சின்னம்மை என்ற நோய் வருவதில்லை. ஆத்தா வருகிறாள். நோய் வந்தால் டாக்டரிடம் காட்டலாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் யாராவது டாக்டரிடம் கூட்டிப்போவார்களா? இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கக்கூடிய ஆள் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை.

இந்தப் பங்குனியில் ஆத்தா என் தம்பி வீட்டுக்கு வந்தாள். கிழமை வெள்ளி. தம்பி வியாழன் என்பான், அவன் மனைவி சனி என்பாள். வெள்ளிதான். அன்று மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்திருந்ததால் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையை நான் திறக்கவில்லை. பக்கத்து வீடான தம்பி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "பெரிப்பா, கொசு கடிச்சிருச்சு" என்றாள். கடித்த இடங்களில் நீர் கோத்திருந்தது. அந்த மாதிரி கடிக்கும் கொசு இன்னும் உருவாகவில்லை.

ஊர் விஷயங்களைக் கிழமை, மாதத்தோடு நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். ஏரி எந்த ஐப்பசியில் நிரம்பியது, ரோட்டை எந்தத் தேர்தலுக்கு முன்னால் போட்டார்கள், எந்தத் தேர்தலுக்கு முன்னால் தோண்டினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்வேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன் நான். பெரியம்மை உலகத்திலிருந்து ஒழிந்த கதையை எந்த நாட்டில் எப்போது என்பது வரை ஒப்பிப்பேன். சின்னம்மையைப் பற்றி ஒரு வரியும் படித்திருக்கவில்லை. சின்னது என்று பெயரிலேயே இருக்கிறதே, அதில் படிக்க என்ன இருக்கப்போகிறது!

மறுநாள் சனிக்கிழமை, பென்னாகரத்திலிருந்து எங்கள் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு கட்டு வேப்பிலை. தம்பி வீட்டு வாசலிலேயே ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதைச் சொன்னேன்.

"உங்க வூட்டு மரத்துக் கெட்டுப்போன வேப்பிலைய ஆத்தாளுக்குப் போடச் சொல்றியா? தள்ளுடா" என்று உள்ளே போனாள்.

அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. வாசலில் வருபவரை வா என்றும், போகிறவரைப் போய் வா என்றும் சொல்லக் கூடாது. கறி கிடையாது. முக்கியமாக, இதைச் சொல்லும்போது அக்கா என் தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அந்தக் கருமம்" கிடையாது.

தம்பி குட்டியானை வண்டி ஓட்டுகிறான். செவ்வாய்ச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றுவதும் இறக்குவதும் அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கருமம் அவன் பொழுதுபோக்கு. மற்ற நாட்களில் தங்கமானவன்; இதை அவன் மனைவியே சொல்வாள், மற்ற நாட்களில்.

அம்மை கண்ட குழந்தையை வாடி போடி என்று பேசக் கூடாது என்பது இன்னொரு சட்டம். குழந்தைக்குள் இருப்பது ஆத்தா அல்லவா. அதனால் முன்பல் விழுந்த அந்த ஆறு வயதுப் பெண்ணிடம் வீடே கைகட்டிப் பேசியது.

"இளநி குடிக்கிறீங்களா ஆத்தா?"

"வேணாம்."

"நொங்கு வெட்டித் தரட்டுங்களா?"

"யூடியூப் வேணும்."

அக்கா திகைத்தாள். பென்னாகரத்து ஆத்தா இதுவரை இப்படி எதுவும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனால் கேட்டது ஆத்தா, மறுக்க முடியுமா? தம்பியின் செல்போன் வேப்பிலைப் படுக்கைக்குப் போனது. ஆத்தா தினமும் பொம்மைப் படம் பார்த்து அருள்பாலித்தாள்.

கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டின. முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் என்று முறையாகத் தலைக்கு ஊற்றினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரை மூன்றாம் முறையாக ஊற்றி, கூழும் தயிர்சோறும் படைத்து, "ஆத்தா மனசு குளுந்து மலையேறிட்டா" என்று அக்கா அறிவித்தாள். அன்று சாயங்காலமே, "ஏய், போன வைடி கீழ" என்று குழந்தையை அதட்டினாள். இவ்வளவு வேகமான பதவியிறக்கத்தை நான் தாலுகா ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் பால் டம்ளரைக் கீழே போட்டாள். மதியம் இன்னொரு முறை போட்டாள். "போன் தரலைன்னு கொழுப்பு" என்று அக்கா விளக்கம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை தம்பி மனைவி என் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, கொஞ்சம் வந்து பாருங்களேன். பாப்பா நடக்கிறது ஒரு மாதிரியா இருக்குது."

போய்ப் பார்த்தேன். குழந்தை கால்களை அகட்டி வைத்து, கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் நிற்பதுபோல் நடுக்கூடத்தில் நின்றது. ஓர் அடி வைத்ததும் இடது பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டியது. கை சுவருக்குப் பக்கத்தில் எங்கோ போனது.

"பெரிப்பா, வூ...டு ஆடுது" என்றாள். வார்த்தை இழுத்துக்கொண்டு வந்தது.

"பத்தியத்துல கெடந்த ஒடம்பு, தள்ளாடாம என்ன செய்யும்? ரெண்டு நாள் சோறு தின்னா நின்னுரும்" என்றாள் அக்கா. நியாயமாகத்தான் தோன்றியது. நான் கடைக்குப் போனேன்.

சாயங்காலம் தம்பி சந்தையிலிருந்து வந்தான். நானும் அப்போதுதான் வந்திருந்தேன். அப்பாவைப் பார்த்ததும் குழந்தை எழுந்து அவனை நோக்கி நடந்தது. அந்த நடையைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது. எங்களில் வேறு யாருக்கும் அந்த நடை இவ்வளவு நெருக்கமாகத் தெரியாது. ஞாயிறுதோறும் அவனே நடப்பது.

குழந்தையைத் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கூடத்து மூலையில் ஆத்தாவுக்காக அடுக்கியிருந்த இளநீர்க் காய்களிடம் ஓடினான். ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி அடிவரை தேடினான். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு காய காணோம்."

"காணோம்னா இன்னொரு காய வெட்டிக் குடி. இதுக்கு எதுக்குடா இழவு வூட்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கிற?" என்றாள் அக்கா.

"அது வேற காய்க்கா."

"வேற காய்னா?"

அவன் சொல்லச் சொல்லத்தான் என் தம்பியின் அறிவை நாங்கள் இத்தனை காலம் குறைத்து மதிப்பிட்டது தெரிந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிந்த ஞாயிறு மாலையே அக்கா ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்று நம்பி ஒரு குவார்ட்டர் பாட்டிலோடு வந்திருக்கிறான். அக்கா கிளம்பவில்லை. பாட்டிலோடு வீட்டுக்குள் சிக்கிக்கொண்டவன், இளநீர் ஒன்றின் கண்ணைத் திறந்து, பாதித் தண்ணீரை வடித்து, பிராந்தியை ஊற்றி, மட்டைத் துண்டால் அடைத்து, வேப்பிலைக்கு அடியில் மற்ற காய்களோடு வைத்துவிட்டான். அம்மை வீட்டில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரே பொருள் இளநீர். தேங்காய் ஏற்றுகிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சுக்கோக்கிறவர் வேலையை விட்டுவிடுவார். எழுதக்கூடிய ஒரே வரி இதுதான்:

"ஆத்தா குடியிருந்த வூட்ல சாராயத்த வச்சு, அதையும் பெத்த புள்ளைக்கு ஊட்டி உட்டுட்டியேடா, பாவி!"

தம்பி மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மற்றபடி, உண்மையைச் சொன்னால், எல்லோருக்கும் ஒரு நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. குற்றவாளியும் கிடைத்துவிட்டான், அதுவும் வழக்கமான குற்றவாளி. சிகிச்சை சொல்லவும் வீட்டிலேயே அனுபவசாலி இருந்தான். "எலுமிச்சம்பழச் சாறு குடுங்க, மோர் குடுங்க, படுக்க வைங்க. காலைல தெளிஞ்சிரும்" என்றான் தம்பி, தலையைத் தூக்காமலே. ஊரிலேயே அதிகம் படித்தவன் என்று பெயர் வாங்கிய நான் எலுமிச்சம்பழம் பிழிந்தேன்.

புதன்கிழமை காலையும் தெளியவில்லை. உட்கார வைத்தால் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனால் கை நடுங்கிக் கன்னத்தில் இடித்தது. கண்மணிகள் ஓர் இடத்தில் நிற்காமல் துடித்தன.

"எனக்கே இந்நேரம் தெளிஞ்சிருக்கும்" என்று தம்பி முணுமுணுத்தான். அந்த வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தம்பி மனைவி குழந்தையின் முகத்தைப் பிடித்துக் கேட்டாள். "பாப்பா, அம்மா அடிக்க மாட்டேன். அப்பா வச்ச காய குடிச்சியா?"

"இல்...ல."

"குடிச்சவன் எவன்டி குடிச்சேன்னு சொல்லியிருக்கான்? அப்பன் புத்தி அப்படியே" என்றாள் அக்கா.

தம்பி மனைவி அவளைக் கண்டுகொள்ளாமல் கணவனிடம் திரும்பினாள். "எந்தக் காய்ங்க? எப்படி இருந்துச்சு? இவளால அத எப்படித் திறக்க முடியும்?"

"செவ்விளநி. மத்ததெல்லாம் பச்ச, அது ஒண்ணுதான் செவப்பு. வாயில மட்டைய வச்சு அடைச்சிருந்தேன்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். வேப்பிலையைப் பார்த்தாள்.

"செவப்புக் காயா?" என்றாள்.

"ஆமாங்க்கா."

"அது... திங்கக்கிழமை மத்தியானம்... ஆத்தாளுக்கு வச்ச காய் வீணாப் போகுதேன்னு... நான்தான்டா குடிச்சேன்."

அக்கா வேப்பிலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தாள்.

"கொஞ்சம் காரமா இருந்துச்சு. செவ்விளநின்னா சூடு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

எனக்குத் திங்கட்கிழமை அப்படியே நினைவுக்கு வந்தது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்த என்னைப் பார்த்து அக்கா, "நீ நல்லவன்டா பெரியவனே. ஒண்ணுக்கும் ஒதவ மாட்ட, ஆனா நல்லவன்" என்று கன்னத்தைத் தட்டியிருந்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதன்பிறகு ஒரு தாலாட்டைப் பாதி பாடிவிட்டு விளக்கு வைக்கும் வரை தூங்கினாள். ஆத்தாவைப் பார்த்துக்கொண்ட களைப்பு என்று நாங்கள் சத்தம் போடாமல் நடந்தோம்.

முதலில் தம்பிதான் சிரித்தான். எனக்கு அடக்க முடியவில்லை. அக்கா, "சிரிக்காதீங்கடா, வாந்தி வருது" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தாள்.

"அப்ப பாப்பாவுக்கு என்னா?" என்றாள்.

சிரிப்பு நின்றது. நேற்று மாலையிலிருந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தப் பிராந்தி. அது போனதும் எங்கள் கையில் ஒன்றுமில்லை. ஆறு வயதுக் குழந்தை நடக்க முடியாமல் இருக்கிறது, ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஆத்தா இன்னும் முழுசாப் போகலையோ என்னமோ. நாலாந்தண்ணி..." என்று அக்கா தொடங்கினாள்.

"வண்டிய எடுங்க" என்றாள் தம்பி மனைவி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அக்கா பேசும்போது அவள் குறுக்கே பேசியதில்லை. தம்பி சாவியைத் தேடினான்.

தர்மபுரிக்குப் போனோம். முன்னால் அவர்கள் மூவரும். பின்னால் தேங்காய் நாருக்கு நடுவே நானும் அக்காவும். அக்கா கையில் ஒரு கொத்து வேப்பிலை. வழி நெடுக அது காற்றில் உதிர்ந்துகொண்டே வந்தது.

குழந்தைகள் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். குழந்தையிடம், "பாப்பா, உன் மூக்கத் தொடு, அப்புறம் என் விரலத் தொடு" என்றார். குழந்தை மூக்கைத் தொட்டது; விரலைத் தொடப் போன கை காற்றில் அலைந்தது. கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். இரண்டு அடியில் அம்மாவின் கையில் விழுந்தது. முதுகில் இருந்த பொருக்குகளைப் பார்த்தார்.

"அம்மை எப்ப வந்துச்சு?"

"வியாழக்கெழமைங்க" என்றான் தம்பி. "சனிங்க மேடம்" என்றாள் மனைவி. "அமாவாசைக்கு முந்தி" என்றாள் அக்கா.

"வெள்ளிக்கிழமை" என்று நான் மின்தடையில் தொடங்கினேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் கிழமை கேட்கிறார் என்ற உற்சாகம். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "பொருக்கு காய்ஞ்சப்புறம்தான் தள்ளாட்டமா, முன்னாடியேவா? அத மட்டும் சொல்லுங்க."

"காஞ்சப்புறம்தாங்க" என்றாள் தம்பி மனைவி.

"காய்ச்சலுக்கு என்ன குடுத்தீங்க? ஆஸ்பிரின் ஏதாவது?"

"ஒண்ணுமே குடுக்கலைங்க, அம்மைக்கு மருந்து ஆகாது" என்று அக்கா பெருமையோடு சொன்னாள்.

"பாராசிட்டமால் சிரப் குடுத்தேன் மேடம். இளநில கலந்து" என்றாள் தம்பி மனைவி, தரையைப் பார்த்தபடி.

அக்கா அவளைப் பார்த்த பார்வைக்குப் பாதி பலம்தான் இருந்தது. இளநீரில் எதையாவது கலப்பதைப் பற்றிப் பேசும் தகுதியை அவள் திங்கட்கிழமையே இழந்திருந்தாள்.

"பரவால்ல. ஆஸ்பிரின்தான் அம்மையில குடுக்கவே கூடாது, ஈரலும் மூளையும் கெட்டுப்போயிடும்" என்ற டாக்டர், பிறகு நிதானமாகச் சொன்னார். அம்மை இறங்கிய பிறகு, மிகச் சில குழந்தைகளுக்கு, சிறுமூளை பாதிக்கப்படும். உடம்பை நேராக நிறுத்துவது, கையைக் குறி பார்த்து நீட்டுவது எல்லாம் அதன் வேலை. அதனால்தான் இந்தத் தள்ளாட்டம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் மூளைக்காய்ச்சலும் இப்படியே தொடங்கக்கூடும். அது இல்லை என்று தெரியும் வரை படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு எது வந்தாலும் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும்.

"தண்ணி ஊத்தி அனுப்பிட்டமேங்க" என்றாள் அக்கா. குரலில் புகார் இருந்தது, டாக்டர்மேல் அல்ல.

"நீங்க அனுப்பிட்டீங்கம்மா. அது போற போக்குல ஒரு இடி இடிச்சிட்டுப் போயிருக்கு" என்றார் டாக்டர். "சரி, நேத்தே இப்படி இருந்திருக்கே. ஏன் இன்னைக்கு வர்றீங்க?"

நான் சன்னலைப் பார்த்தேன். அக்கா வேப்பிலையைப் பார்த்தாள்.

"போதைன்னு நெனச்சோங்க மேடம்" என்றான் தம்பி.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை குழந்தை வாந்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டாள். ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். வராந்தாவில் உட்கார்ந்து நான் செல்போனில் படித்தேன். வாழ்நாள் முழுக்கப் படித்தவன், தேவைப்பட்ட நேரத்துக்குப் பிறகு படித்தேன். சொறிந்த புண் வழியே கிருமி ரத்தத்தில் ஏறுவது, நுரையீரலில் இறங்குவது, மூளை வீங்குவது. கெட்ட செய்தியை இவ்வளவு நேர்த்தியாக அடுக்கி வைத்திருக்கும் இடம் வேறு கிடையாது. தடுப்பூசி ஒன்று இருப்பதும் தெரிந்தது; இலவச ஊசிப் பட்டியலில் அது இல்லை. படித்ததை உரக்கவே படித்திருக்கிறேன் போல.

"மாமா" என்றாள் தம்பி மனைவி. "போன உள்ள வைங்க."

வைத்தேன். தம்பி எழுந்து வாசல் வரை போவதும் திரும்புவதுமாக இருந்தான். அவன் நடை மிக நேராக இருந்தது. அக்கா வேப்பிலையின் வெறும் குச்சிகளைக் கையில் வைத்திருந்தாள். யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் அதைவிடப் பயமுறுத்தும் விஷயம் கிடையாது.

ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வாந்தி நின்றது. சனிக்கிழமை அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, சாய்ந்தபடியே, யூடியூப் கேட்டாள். அக்கா யாருடைய அனுமதியும் கேட்காமல் என் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சத்தைக் காலம்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். காலம் தன் வேலையை அவசரமில்லாமல் செய்தது. சித்திரை முழுக்கக் குழந்தை சுவரைப் பிடித்து நடந்தது. வைகாசியில் சுவரை விட்டது, ஆனால் திரும்பும்போது சாய்ந்தது. தம்பி பின்னாலேயே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடந்தான், கோழி பிடிக்கிறவன் மாதிரி. அவன் குடிப்பதை நிறுத்திவிட்டான் என்று எழுத ஆசைதான். இன்றுவரை குடிக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா போட்ட சத்தத்தைக் கேட்டுத் தெரு சொன்ன தீர்ப்பு மாறவேயில்லை. "அப்பன் சரக்க இளநின்னு குடுத்துட்டானாம், ஆத்தா கோவிச்சுக்கிட்டா" என்றுதான் இன்றும் பேச்சு. சிறுமூளை என்ற ஒன்று இருப்பதாக நான் பலரிடம் விளக்கிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கும் சார், ஆனா சரக்கு உள்ள போச்சுல்ல?" என்கிறார்கள். போனது யாருக்குள் என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை. அக்கா பென்னாகரத்திலிருந்து வாரம் ஒருமுறை போன் செய்து குழந்தை நடக்கிறாளா என்று கேட்கிறாள். கடைசியில், "பெரியவனே, அத யார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிடாத" என்று முடிக்கிறாள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம். எங்கள் தெருவின் சாக்கடைக்கு ஓரமாக ஒரு சிமெண்ட் கட்டை உண்டு. ஒரு பாதம்தான் வைக்கலாம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளி விட்டு வரும்போது தரையை விட்டுவிட்டு அதன்மேல்தான் நடப்பார்கள். எந்தப் பிள்ளை ஏறினாலும் தம்பி மனைவி வாசலில் நின்று கத்துவாள்.

அன்று ஏறியது அவள் மகள். பை முதுகில். அடிமேல் அடி வைத்து வருகிறாள். தம்பி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் பதறி ஓடப் போனான். அவன் மனைவி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினாள். நடுவில் ஓர் இடத்தில் குழந்தை சாய்ந்தது. கையைப் பக்கவாட்டில் நீட்டியது, நின்றது, நிமிர்ந்தது. மறுபடியும் அடி வைத்தது. கட்டை முடியும் இடத்தில் தெருவில் குதித்தது, இரண்டு காலும் சேர்ந்து.

தம்பி மனைவி சட்டையை விட்டாள்.

"எரும! சாக்கடைல உழுந்தா என்னாடி ஆவறது? கண்ணு எங்க வச்சிருக்க? வா வூட்டுக்கு, உன் முதுகுத் தோல உரிக்கிறேன்!" என்று ஆரம்பித்தவள், இத்தனை மாதமும் திட்டாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் திட்டினாள். தெருவே வெளியே வந்து பார்த்தது.